சின்ன ரவை வேண்டுமென்றால் சின்னப் பிஸ்டல் வாங்காதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 38, கணக்காளர். சென்ற வருடம் ரொறன்ரோவில் மச்சான் என்னைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். .22 பிஸ்டலில் 50 ரவை சுட்டேன். அந்த ஒரு மணித்தியாலம் வேலை, வீடு, கடன் எதுவுமே நினைவில் இல்லை. இங்கும் வார இறுதியில் பொழுதுபோக்காகச் சுட ஆசை. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், "6.35 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்று இருக்கிறது, சின்னது, கைக்கு அடக்கம். தற்பாதுகாப்புக்கு என்று லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன், ரேஞ்சிலும் சுடலாம்" என்று முற்பணம் கேட்கிறார். நான் இணையத்தில் பார்த்தது வோல்தர் பி22, ரூகர் மார்க் 4 என்ற இரண்டு .22 பிஸ்டல்கள். எதை எடுக்கலாம்? 14 வயது மகளும் பழக விரும்புகிறாள். அவள் இடதுகைக்காரி.

பதில்: முதலில் முற்பணம். கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இரண்டாவது தவணை கொடுக்காதீர்கள். பிஸ்டல் விஷயத்தை அப்புறம் பேசலாம்.

இந்த நாட்டில் சுடுகலன் அனுமதிப்பத்திரம் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் நோக்கத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. 1996 திருத்தத்தில் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். தற்பாதுகாப்பு ஒரு நோக்கம், பயிர்ப் பாதுகாப்பு இன்னொன்று, விளையாட்டு வேறொன்று. உங்கள் ஆள் சொல்வது, விளையாட வேண்டியவர் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுங்கள் என்பதுதான். அது பொய் வாக்குமூலம். நாளைக்கு விசாரணை வந்தால் அவர் இருக்கமாட்டார், உங்கள் கையொப்பம் இருக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 இறுதியில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு எல்லோரையும் கேட்டது. உண்மையான காரணத்துக்காக எடுத்தவர்களே மீண்டும் காரணம் காட்ட வேண்டி வந்தது. உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? "சனிக்கிழமையில் மனசு லேசாக" என்றா சொல்வீர்கள்?

என்னிடம் பழக வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு தரகரிடம் மாட்டினார். பணம் வாங்கிய ஆள் ஒரு பழைய பிஸ்டலைக் காட்டினார், அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதியையும் காட்டினார். பத்திரத்தில் இருந்த பெயர் யாரோ இறந்துபோன ஒருவருடையது. "பெயர் மாற்றம் போய்க்கொண்டிருக்கிறது" என்று எட்டு மாதம் இழுத்தார். பெயர் மாறும் வரை அந்தப் பிஸ்டலை வீட்டில் ஒரு இரவு வைத்தாலே குற்றம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல வேளை, வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. பணம் மட்டும் போனது.

சரி, இனி பிஸ்டல்.

சின்ன ரவை என்பதும் சின்னப் பிஸ்டல் என்பதும் ஒன்றல்ல. ரேஞ்சில் சுடுவதற்கு ரவை சின்னதாக இருக்க வேண்டும், பிஸ்டல் பெரிதாகவும் பாரமாகவும் இருக்க வேண்டும். உங்கள் தரகர் காட்டும் 6.35 நேர்மாறானது. அது சட்டைப் பைக்குள் வைப்பதற்காகச் செய்த பிஸ்டல். குழல் ஐந்து சென்ரிமீற்றர் சொச்சம். குறிபார்க்க உதவும் பார்வைக்குறி என்று மேலே ஒரு சின்ன மேடு இருக்கும், அவ்வளவுதான். அதன் ரவை உலகம் முழுக்க .22 ஐ விட விலை கூடியது.

பார்வைக்குறி ஏன் முக்கியம் என்று ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன், நீங்கள் கணக்காளர்தானே. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் தூரம் என்று வையுங்கள். கை நடுங்கி ஒரு மில்லிமீற்றர் பிசகினால் 10 மீற்றருக்கு அப்பால் ரவை 10 சென்ரிமீற்றர் தள்ளிப் போகும். அந்த இடைவெளி 30 சென்ரிமீற்றர் என்றால் அதே நடுக்கத்துக்கு மூன்று சென்ரிமீற்றர் சொச்சம்தான் தள்ளும். உங்கள் கை மாறவில்லை, பிஸ்டல்தான் மாறியது. குட்டிப் பிஸ்டலில் பழகுகிறவர்கள் மூன்று மாதத்தில் "எனக்கு இது வராது" என்று விட்டுப்போவதற்குக் காரணம் இதுதான். அவர்களில் பாதிப் பேருக்கு நல்ல கை இருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

.22 என்று நாம் சொல்வது .22 லோங் ரைஃபிள் என்ற ரவையை. 1887 இல் அமெரிக்காவில் வந்தது, இன்னும் அதை வெல்ல ஒன்று வரவில்லை. குண்டு ஏறக்குறைய 2.6 கிராம். பின்னுதைப்பு மிகக் குறைவு, சத்தமும் பெரிய ரவைகளை விடக் குறைவு. ஆனாலும் காதுக் கவசம் கட்டாயம். சின்னது என்று அலட்சியம் வேண்டாம். தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். மண்மேடும் சுவரும் உள்ள ரேஞ்சுக்கு வெளியே, "மாமாவின் தென்னந்தோட்டத்தில் சும்மா நாலு ரவை" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

நீங்கள் கேட்ட இரண்டில், ரேஞ்சுக்கு மார்க் 4 தான். பி22 கெட்ட பிஸ்டல் இல்லை. ஆனால் அது அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் மெல்லிய சாமான். குழல் குட்டை. ட்ரிகரின் முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், இரண்டாவது இழுப்பு வேறு மாதிரி. புதிதாகப் பழகும் விரலுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பு வேண்டும். மெதுவான ரவை போட்டால் அது திக்கவும் செய்யும். மார்க் 4 இன் டார்கெட் வகை ஏறக்குறைய ஒரு கிலோ. குழல் தடிப்பு, இழுப்பு எப்போதும் ஒன்றுதான், ஒரு பொத்தானை அழுத்தினால் கழற்றித் துடைக்கலாம். பழையது வாங்கினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: 2017 ஜூன் மாதத்துக்கு முன் செய்தவற்றைப் பாதுகாப்பு விசையில் இருந்த குறைக்காக ரூகர் நிறுவனமே திரும்ப அழைத்துத் திருத்திக் கொடுத்தது. அந்தத் திருத்தம் நடந்ததா என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் விலகிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு என் பதில் மார்க் 4 உம் இல்லை. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தேசியத் துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுச் சம்மேளனத்தில் பதிவான ஒரு கிளப்பில் சேருங்கள். கிளப் பிஸ்டலில் ஆறு மாதம் சுடுங்கள். அப்புறம் வாங்கும் முதல் பிஸ்டல் 10 மீற்றர் எயார் பிஸ்டலாக இருக்கட்டும்.

உங்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. காற்றழுத்தத்தால் சுடுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறீர்கள். ஒலிம்பிக்கிலேயே அது இருக்கிறது. 75 நிமிடத்தில் 60 சூடு. இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வளையம் 11.5 மில்லிமீற்றர், உங்கள் சட்டைப் பொத்தான் அளவு. அதை 10 மீற்றரில் இருந்து ஒரு கையால், நின்றபடி சுட வேண்டும். ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம், பிஸ்டல் எடை கூடியது ஒன்றரைக் கிலோ என்பது விதி. 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு .22 ரவையை விட மலிவு. .22 இல் நல்லாய்ச் சுடுகிற யாரைக் கேட்டாலும் எயாரில் பழகியவர் என்பார்.

இங்கே ஒரு பொறி. இறக்குமதிக்கு அனுமதி வேண்டும். "எயார் தானே, விளையாட்டுச் சாமான் தானே" என்று மச்சானின் பெட்டியில் வைத்துக் கொண்டுவர நினைத்தால் சுங்கத்தில் நிற்பீர்கள். கிளப் ஊடாக, கடிதத்தோடு, முன்கூட்டியே அனுமதி எடுங்கள். மெதுவாகத்தான் நடக்கும். ஒரு முறை எனக்கு வந்த பொதியில் இருந்தது ஒரு ரப்பர் வளையமும் இரண்டு ஸ்பிரிங்கும் மட்டும். பிஸ்டலே இல்லை. ஓர் அலுவலகத்தில் இது ஆயுதப் பாகம், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் இது ரப்பர், எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். அந்த வளையத்துக்காக ஐந்து மாதம் மூன்று மாணவர்கள் ஒரு பிஸ்டலைப் பங்குபோட்டுச் சுட்டார்கள். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. வரிசையில் நிற்பவர்களின் நேரத்தைத்தான் இந்த முறை தின்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதற்காகக் குறுக்குவழி போகச் சொல்லவும் மாட்டேன்.

இரண்டாவது பொறி பழைய எயார் பிஸ்டல். நல்ல போட்டிப் பிஸ்டல்களில் குழலுக்குக் கீழே ஒரு காற்று உருளை இருக்கும். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைப்பார்கள், உங்கள் கார்ச் சக்கரத்தில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். அந்த உருளையில் செய்த திகதி பொறித்திருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு 10 வருடம்தான் ஆயுள் சொல்கின்றன. தவணை முடிந்த உருளையைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் காலாவதியான உருளையோடு மலிவாக விற்பதை இங்கே கொண்டுவந்து, "ஒரு கீறல்கூட இல்லை" என்று புது விலைக்குத் தள்ளுகிறார்கள். கீறலைப் பார்க்காதீர்கள், திகதியைப் பாருங்கள். புது உருளை வாங்கும் செலவையும், அதை எடுப்பிக்கும் அலைச்சலையும் விலையில் கழியுங்கள்.

என்னைக் கேட்டால் கொழும்பில் முதல் பிஸ்டலுக்கு உருளையே வேண்டாம். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு முறை கையால் நெம்பிக் காற்று அடைக்கும் வகை இருக்கிறது. இத்தாலியின் எஃப்ஏஎஸ் 6004, ஜெர்மனியின் வைராவ் எச்டபிள்யூ 40 இரண்டும் அந்த வகை. பம்ப் வேண்டாம், தவணைத் திகதி இல்லை, பின்னுதைப்பும் இல்லை. 60 சூட்டுக்கு 60 முறை நெம்ப வேண்டும், அது உண்மை. தோள் பழகிவிடும்.

இனி மகள். இடதுகை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. போட்டிப் பிஸ்டல்களின் மரப்பிடி உள்ளங்கைக்கு அச்சு வார்த்ததுபோல் செதுக்கியது. வலதுகைப் பிடியை இடதுகையால் பிடிக்கவே முடியாது, கட்டைவிரல் மேடும் கைத்தாங்கியும் தவறான பக்கத்தில் இருக்கும். விற்பவர்கள் "பழகினால் சரியாகும்" என்பார்கள். சரியாகாது. சில பயிற்சியாளர்கள் அதைவிட மோசம், பிடி இல்லை என்பதற்காகப் பிள்ளையை வலதுகைக்கு மாற்றுவார்கள். எழுதும் கையைப் பிடுங்குவதும் இதுவும் ஒன்றுதான். மாற்ற விடாதீர்கள்.

இடதுகைப் பிடி தனியாகக் கிடைக்கும். ஆனால் அளவு பார்த்துச் சொல்ல வேண்டும், சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். 14 வயதில் கை இன்னும் வளரும், ஆகவே இப்போது விலை கூடிய பிடி வாங்குவது காசை எரிப்பது. வைராவ் போல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எளிய பிடிதான் அவளுக்கு இப்போது நல்லது. இன்னொரு வழியும் உண்டு: செதுக்காத மரப்பிடி ஒன்றை வாங்கி, மரப் புட்டி பூசி, அவள் கையை அழுத்தி, காய்ந்த பின் அரத்தால் ராவி எடுக்கலாம். மொறட்டுவையில் நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள், கையைக் காட்டினால் செய்து தருவார்கள். .22 க்குப் போகும் காலத்தில் இன்னொன்று வரும். வெற்றுத் தோட்டா வலது பக்கமாகத் தெறிக்கும். இடதுகையால் சுடும்போது அது சில வேளை முகத்துக்குக் கிட்ட வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு சூடுகூட வேண்டாம். ட்ரிகருக்குப் பக்கத்தில் இருக்கும் விசைகள் எந்தப் பக்கம் என்பதையும் வாங்கும் முன் அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

எந்தக் கண் மேலோங்கிய கண் என்றும் பாருங்கள். தூரத்துக் கடிகாரத்தை விரலால் சுட்டிக்காட்டச் சொல்லி, ஒரு கண்ணை மாறி மாறி மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் இருக்கிறதோ அதுதான். கையும் கண்ணும் எதிரெதிர் என்றால் ரைஃபிளில் பெரிய தலைவலி. பிஸ்டலில் தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

அவள் பள்ளிக்கூடத்தில் எயார் ரைஃபிள் அணி இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொழும்பில் பல பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் தெஹானி எகொடவெல சுட்டது 10 மீற்றர் எயார் ரைஃபிள். பள்ளிக்கூடம் வழியாகப் போனால் அனுமதி, பயிற்சியாளர், சாமான் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்களை விட அவள் முந்திவிடுவாள், அதற்குத் தயாராக இருங்கள்.

கடைசியாக, வெள்ளவத்தைக் கடற்காற்று. உள்ளே பஞ்சு வைத்த அழகான பெட்டியில் பிஸ்டலை மூடி வைத்தால் ஒரு மாரிக்குள் துரு பிடிக்கும். பஞ்சு ஈரத்தைக் குடித்துவிட்டு இரும்புக்கே திருப்பிக் கொடுக்கும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பூட்டுள்ள இரும்பு அலுமாரியில் வையுங்கள். ஈயக் குண்டு தொட்ட கையைச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மகளுக்கும் அதையே முதல் நாளில் பழக்குங்கள்.