ஐந்தாறு வருடமாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்பு (ப்ரூஃப்) பார்க்கிறேன். வருமானம் உயரவில்லை. எதில் தனித்தேர்ச்சி பெறலாம்?

ஒற்றில் மட்டும் இன்னும் கெட்டிக்காரராக முயலாதீர்கள். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் உங்களுக்கு இந்நேரம் கைவந்திருக்கும். அதற்கு மேல் தேறினாலும் பக்கத்துக்கு ஒரு ரூபாய்கூட யாரும் கூட்டித் தரப்போவதில்லை. முதல் சல்லடை வேலையை நாவி, வாணி போன்ற இணையத் திருத்திகளே ஓரளவு செய்துவிடுகின்றன. எழுதியவர் கண்ணிலும் தன் கண்ணிலும் படாத பிழையைப் பிடிப்பவருக்குத்தான் பதிப்பாளர் கூடுதலாகக் கொடுப்பார்.

நான் நாவல், சிறுகதை என்று தொடங்கியவன். இப்போது பெரும்பாலும் மருத்துவ, சட்ட மொழிபெயர்ப்புகள்தான் பார்க்கிறேன். அங்கே பிழையின் முகமே வேறு. தைராய்டு பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது என்று வையுங்கள். தைராக்ஸின் மாத்திரை 25, 50, 100 மைக்ரோகிராம் என்ற அளவுகளில் வரும். மொழிபெயர்த்தவர் பழக்கதோஷத்தில் '50 மி.கி.' என்று போட்டுவிட்டால் அளவு ஆயிரம் மடங்கு. வாக்கியமோ இலக்கணச் சுத்தமாக இருக்கும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துப் பழகியவர் மட்டும் அந்த வரியில் நின்றுவிடுவார்.

சட்டத்தில் இப்போது நிறைய வேலை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனையைச் சொல்லும் பிரிவு 302 இப்போது 103. எல்லோர் வாயிலும் புழங்கிய 420, 318-க்குள் போய்விட்டது. பழைய கையேட்டை மறுபதிப்புப் போடுபவர்கள், "எண்ணை எல்லாம் மொத்தமா மாத்திடுங்க சார்" என்பார்கள். மாற்றினால் புத்தகம் கெட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். 1990-களின் தீர்ப்பு ஒன்றைச் சுருக்கும் பத்தியில் 302 அப்படியே நிற்க வேண்டும். அடுத்த பக்கத்தில் இன்றைய வாசகருக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் 103 வர வேண்டும். இதைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளை எந்தப் பதிப்பகமும் எளிதில் விடாது.

எந்தத் துறை என்பதை உங்கள் மேசையே சொல்லும். கடந்த இரண்டு வருடத்தில் எந்த மாதிரிக் கோப்பு அதிகம் வந்தது, கல்லூரியில் என்ன படித்தீர்கள் என்று பாருங்கள். வணிகவியல் என்றால் வரி, வங்கி. விலங்கியல் என்றால் மருத்துவம் அவ்வளவு தூரமில்லை. பிடிக்காத துறையைக் காசுக்காக எடுத்தால் மூன்றாவது புத்தகத்தில் கசந்துவிடும்.

துறை எதுவும் ஒட்டவில்லையா? நூற்சுட்டி, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் வரும் பட்டியல், போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வு நூல்களுக்கு அது வேண்டும். தமிழில் ஒழுங்காகப் போடுபவர்கள் குறைவு. எல்லாம் மென்பொருளே செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கணினி எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசையில் அடுக்கினால் மனம், மயில், மரம், மறதி, மலை என்று வரும். அகராதி வரிசையில் மயில், மரம், மலை, மறதி, மனம். புள்ளி எழுத்திலும் இதே கூத்து: 'அக்கா' முன்னால் வர வேண்டும், யூனிகோடு வரிசையில் 'அகம்' முந்திக்கொள்ளும். வரிசையைவிடப் பெரிய வேலை, எதைச் சுட்டியில் சேர்ப்பது, எதை விடுவது என்பது. அதற்குப் புத்தகத்தை வாசித்தே ஆக வேண்டும்.

படிப்பு, சான்றிதழ் பற்றி: ஆங்கிலத்திலும் வேலை செய்பவர் என்றால், உயிரியல், மருத்துவத் துறை எடிட்டர்களுக்கென்றே பெல்ஸ் அமைப்பு தேர்வு நடத்துகிறது. பிரிட்டனில் எடிட்டர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கான சிஐஈபி அமைப்பின் பயிற்சிகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். கட்டணம் நம் ஊர்க் கணக்குக்குக் கொஞ்சம் உறைக்கும். தமிழ்ப் பதிப்பகங்களில் சான்றிதழைவிட நீங்கள் பார்த்துக் கொடுத்த புத்தகத்துக்குத்தான் மதிப்பு. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிய மார்கழி, தை மாதங்களில் எதையும் கற்க முடியாது. அது கழிந்து வேலை இளைக்கும் மாதங்களை இதற்கு ஒதுக்குங்கள்.

கூலி விஷயம். புதுத் துறையின் முதல் புத்தகத்துக்குப் பழைய கூலியே வாங்குங்கள். ஆனால், ஆசிரியரிடம் கேட்ட சந்தேகங்களை எல்லாம் பக்க எண்ணோடு தனித்தாளில் எழுதி வையுங்கள். ஒற்று, கால்புள்ளி எதுவும் அதில் வேண்டாம், பொருட்பிழைகள் மட்டும். அடுத்த புத்தகம் வரும்போது அந்தத் தாளைப் பதிப்பாளர் முன் வைத்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள். பக்கக் கணக்கில் பேசாதீர்கள், புத்தகத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.