எல்லோரும் தலையாட்டிய கூட்டம்

அன்புள்ள ஐயா,

நான் மூதூரைச் சேர்ந்தவன். ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இரண்டு வருடங்களாகப் பொறியியலாளராக இருக்கிறேன். வீதியும் வடிகாலும் சேர்ந்த ஒரு திட்டத்தின் ஆரம்பக் கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தோம். நோக்கங்கள் வாசிக்கப்பட்டன; எவரும் மறுக்கவில்லை; கூட்டக் குறிப்பில் எல்லோரும் கையொப்பமிட்டோம். நான்கு மாதம் கழித்து வரைபடம் வந்தபோது, தண்ணீர்க்குழாய்க்கு இடம் எங்கே என்று ஒரு தரப்பும், மதகு போதாது என்று இன்னொரு தரப்பும், இவையெல்லாம் மதிப்பீட்டில் இல்லையே என்று கணக்குத் தரப்பும் எழும்பி நிற்கின்றன. “குழுவுக்குள் ஒற்றுமை இல்லை, ஒரு நாள் செயலமர்வு வைப்போம்” என்கிறார் மேலதிகாரி. ஒத்துக்கொண்டவர்கள் எப்படிப் பிரிந்தார்கள்? செயலமர்வு வைத்தால் சரிவருமா?

ஒரு வாசகர், மூதூர்

அன்புள்ள தம்பி,

அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சேர்ந்திருந்தார்களா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். நம்முடைய கூட்டங்களில் மௌனத்துக்குப் பல பொருள் உண்டு: தலைமை தாங்குபவர் மேலுள்ள மரியாதை, தன் திணைக்களத்தை எதிலும் மாட்டிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை, மதியச் சாப்பாடு ஆறிப்போகிறதே என்ற கவலை. அத்தனையையும் குறிப்பெடுப்பவர் ‘ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்ற ஒரே வரிக்குள் அடக்கிவிடுகிறார். நானும் சேவையில் இருந்த காலத்தில் அந்த வரியை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், இந்த மாவட்டத்தின் வயற்பக்கக் கிராமமொன்றுக்குப் போகும் வீதியைத் திருத்தும் வேலை எங்களிடம் வந்தது. நோக்கங்களில் முதலாவது ‘வெள்ளப் பாதுகாப்பு’. யார்தான் அதை மறுப்பார்கள்? வீதிக்காரர்களான எங்களுக்கு அதன் பொருள், மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயக்கூடாது என்பது. ஆகவே கிறவல் கொட்டி உயர்த்த வேண்டும். நீர்ப்பாசனத் தரப்புக்கு, மேல்வயலில் தேங்குவது விரைவாக வடிய வேண்டும் என்பது. ஆகவே மதகை அகலமாக்க வேண்டும், வீதி உயராமல் இருந்தாலே நல்லது. நிதி தருபவர்களுக்கோ, அடுத்த மாரிக்கு முன் வேலை முடிந்து பணம் செலவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குள் மூன்று திட்டங்கள் படுத்திருந்ததை அந்த அறையில் எவரும் கவனிக்கவில்லை.

அளவெடுக்கப் போன ஒரு காலையில், வயல்களின் தண்ணீர் விஷயங்களைக் கவனிக்கும் வயதான வட்டவிதானை ஒருவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, வீதியோர மருதமரத்தடிக்கு எங்களைக் கூட்டிப்போனார். முழங்காலுக்குச் சற்று மேலே, மரப்பட்டையில் சேறு காய்ந்து ஒரு கோடாகக் கிடந்தது. மண்வெட்டிப் பிடியை அந்தக் கோட்டில் வைத்து, “இந்தளவு தண்ணி மூண்டு நாள் நிண்டா பயிர் தாங்கும் சேர். அதுக்கு மேல அழுகிப்போகும். நீங்க றோட்ட உசத்தினா எத்தின நாள் நிக்கும்?” என்று கேட்டார். எங்கள் கோப்பில் தண்ணீரின் உயரம் இருந்தது. அது நிற்கும் நாட்கள் இருக்கவில்லை. உயர்த்திய வீதி மேல்வயலுக்கு ஓர் அணைக்கட்டாகிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயமல்ல, ஆனால் அது எவருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. கேள்விப்பத்திரம் வெளியாகாதிருந்தபடியால் மதகுக்குத் தண்ணீர் போக இன்னும் இரண்டு கண்கள் சேர்க்க முடிந்தது. செலவானது கடதாசியும் இரண்டு வாரமும். அதே திருத்தத்தை ஒப்பந்தகாரர் கொங்கிறீட் போட்ட பிறகு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கணக்குத் தரப்பிடம் கேளுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெரியவரை எவரும் கூட்டத்துக்கு அழைத்திருக்கவில்லை. அன்று தற்செயலாக அந்த வழியால் வந்தார்.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தோடு இணைந்து 1983இல் தொடங்கிய ‘கன்ஸ்ட்ரக்ஷன் இண்டஸ்ட்ரி இன்ஸ்டிடியூட்’ என்ற ஆய்வு அமைப்பு இந்த விஷயத்தைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறது. ஒரே விதமாக வரையறுக்கப்பட்டு ஒரே விதமாக விளங்கிக்கொள்ளப்பட்ட நோக்கங்களை, உரிய பங்காளர்கள் ஏற்கத்தக்க விலகலுக்குள் நின்று உருவாக்கி நிறைவேற்றும் நிலையையே அது குழு இசைவு என்கிறது. இதில் ஒற்றுமை என்ற சொல்லும் இல்லை, நட்பு என்ற சொல்லும் இல்லை. விலகல் இருக்கும் என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. நீங்களும் நானும் ஒரு தூண் இம்மியும் பிசகாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்பதில்லை. இத்தனை மில்லிமீற்றருக்குள் நிற்கிறதா என்றுதான் பார்க்கிறோம். மனிதர்களிடம் மட்டும் ஏன் முழு நேர்க்கோட்டை எதிர்பார்க்கிறோமோ தெரியவில்லை.

இசைவு மேலிருந்து கீழாகவும், துறைகளுக்கிடையே குறுக்காகவும், காலத்தின் ஊடாகவும் வேண்டும் என்பது அவர்களுடைய பிரிப்பு. உங்கள் சிக்கல் குறுக்கே உள்ளது. காலத்தின் ஊடாக இசைவு குலைவதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கான புரிந்துணர்வு 2006இல் ஏற்பட்டது. பத்து வருடம் கழித்து, 2016இல், அது கைவிடப்பட்டது. இடையில் ஆட்சி மாறியது, சுற்றாடல் வழக்கு வந்தது, காணி இழந்த மக்களின் கேள்வி ஒருநாளும் ஓயவில்லை. மேல்மட்டக் கையொப்பங்களுக்கு அங்கே குறைவே இருக்கவில்லை.

மேசையில் இல்லாதவரின் கேள்வி எவ்வளவு பாரமானது என்பதற்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் தவிர்க்க முடியாது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று, மக்களை ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். யார் குற்றவாளி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பொறியியலாளனாக நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பாலம் இல்லாத அந்த மாதங்களில் பிள்ளைகள் எப்படி அக்கரை போவார்கள் என்பது, நமது திட்டங்களின் முதற்கூட்டத்தில் எந்த உத்தியோகத்தரின் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது?

இனி உங்கள் செயலமர்வு. விளையாட்டும் குழுப்படமும் உள்ள செயலமர்வானால் வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள். மேலே சொன்ன அமைப்பு 2010இல் உட்கட்டமைப்புத் திட்டங்களுக்கென்று ஒரு மதிப்பீட்டுச் சுட்டியை வெளியிட்டது. அதில் 68 விடயங்கள் உண்டு. காணி, நீர்வடிகால், ஏற்கனவே நிலத்தடியில் கிடக்கும் குழாய்களும் கம்பிகளும், பராமரிப்பு என்று போகும். ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று புள்ளி போட வேண்டும்; தெளிவில்லாததற்குத்தான் கூடிய புள்ளி. மொத்தம் 1000, புள்ளி குறையக் குறைய நல்லது, 200க்குக் கீழே வந்தால் திட்டம் முன்னே போகத் தயார் என்று கொள்வது வழக்கம். அந்த மொத்தத் தொகையில் எனக்குப் பெரிய மோகமில்லை. புள்ளிகளை எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பதற்கு முன், ஒவ்வொருவரும் மற்றவருடையதைப் பார்க்காமல் தனித்தாளில் எழுதட்டும். வடிகாலுக்கு வீதிக்காரர் ‘முழுத்தெளிவு’ என்றும் நீர்ப்பாசனக்காரர் ‘ஒன்றுமே தெளிவில்லை’ என்றும் எழுதியிருந்தால், அன்றைய வேலை அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. இளையவர்களின் தாளை முதலில் வாசியுங்கள். பெரியவர் வாய் திறந்த பிறகு நம் ஊரில் எந்தப் பேனாவும் வேறு புள்ளி போடாது.

செலவு, காலம், தரம் ஆகிய மூன்றில் நெருக்கடி வரும்போது எது முதலில் விட்டுக்கொடுக்கப்படும் என்பதையும் அன்றே எழுத்தில் வாங்குங்கள். மூன்றும் முக்கியம் என்று பதில் வரும். விடாதீர்கள், பணம் தருபவரின் வாயாலேயே வரிசை வரட்டும். குழாய்க்கு இடம் எங்கே என்ற உங்கள் தகராற்றில் பாதி, இந்த வரிசை தெரியாததால் வந்ததாகவே எனக்குப் படுகிறது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோட்டல் மண்டபம் வேண்டாம். அந்த மதகுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையோ கமக்காரர் அமைப்பின் கட்டடமோ இருக்கும். கார்த்திகையில், தண்ணீர் நிற்கும் ஒரு நாளாகப் பார்த்து அங்கே வையுங்கள். தண்ணீர்க்குழாய் வெடித்தால் இரவில் வந்து திருத்தும் ஊழியர் ஒருவருக்கும், வட்டவிதானைக்கும், அவ்வழியால் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் தாய்மார் இரண்டு மூன்று பேருக்கும் கதிரை போடுங்கள். கூட்டக் குறிப்பை நீங்களே எழுதுங்கள். ஏகமனது என்று எழுதாமல், யார் எதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பெயரோடு எழுதுங்கள். உங்கள் மேலதிகாரி அதில் கையொப்பமிடத் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், அவருக்கும் ஒரு கடிதம் போடுகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து