சென்னை பஸ்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் எடுத்தோம். பிளஸ் ஒன் பையன். இன்னொரு பையன் மேல் அவனுக்குள்ள ஈர்ப்பு வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்பா டாக்டரிடம் இழுத்துப் போகிறார், கடைசியில் வெளியே போ என்கிறார். பையன் சென்னை பஸ் ஏறுகிறான். ஊரில் போட்டுக் காட்டியபோது ஒரு பெரியவர், ‘இதெல்லாம் பட்டணத்துச் சீக்கு, நம்ம பக்கம் கிடையாது’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

(பெயர் வேண்டாம்), மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். அப்பா விரட்டினார், சரி. ஆனால் பையனை பஸ் ஏற்றிவிட்டுப் படத்தை முடித்தது நீங்கள். இவன் நம்ம ஊர் ஆள் இல்லை என்று பெரியவர் சொன்னதைத்தான் உங்கள் கடைசி ஷாட்டும் சொல்கிறது.

நம் பக்கத்தில் வெளியே போ என்று கத்தும் அப்பாக்கள் குறைவு. தெருவுக்குக் கேட்டுவிடுமே. குடவாசலில் என்னோடு படித்தவன் ஒருவன். அவன் வீட்டில் அடியும் இல்லை, சத்தமும் இல்லை. மூன்று வேளையும் சோறு உண்டு. அப்பா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். இவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். ‘அவனைச் சாப்பிடச் சொல்லு’ என்று அம்மாவிடம் சொல்வார். அவன் ஊரைவிட்டுப் போகவில்லை. இன்றும் சம்பா போடுகிறான், மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் எல்லோரையும்போலத் திட்டுகிறான். அப்பா படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்தவன் அவன்தான். அப்போதும் அவர் தண்ணீர் கேட்டது அம்மாவிடம்.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுக்கும் காட்சி உறுத்தியது. இப்படி ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. இன்னும் நடக்காமல் இல்லை. ஆனால் அங்கே ஒரு நர்ஸுக்காவது அது தெரிந்திருக்கலாம்.

பெரியவருக்கு என்ன சொல்வது? வெளியிலிருந்து வந்தது என்றால் அது இப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுதான். 1860இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 ஆயிற்று. சட்டம் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார் என்றால் இதைச் சொல்லுங்கள்: அந்த 2021 வழக்கின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார்.

முடிவை மறுபடி எடுக்க முடியுமானால், பையனை நீடாமங்கலத்திலேயே இறக்கிவிடுங்கள். ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். கதவை அம்மா திறக்கட்டும். அப்பா திண்ணையில்தான் இருப்பார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் பார்க்கவேண்டும்.