படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தோல் சிவப்பது ஏன்?

பக்கவாதத்தால் படுக்கையிலேயே இருக்கும் தாயாரை நாள்தோறும் துடைத்துவிட்டும் இடுப்பில் தோல் சிவந்திருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அழுக்கன்று, அழுத்தம்: வால் எலும்பு, இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு புடைத்த இடங்களில் உடலின் எடை நெடுநேரம் அழுந்தும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தோல் ஆக்சிஜன் கிடைக்காமல் மெல்ல அழியத் தொடங்குகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, விரிப்பின்மேல் இழுக்காமல் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வாகப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் தவறு. நலிந்த திசுவை அது மேலும் சிதைக்கும். சிறுநீரோ மலமோ பட்டால் உடனே வெதுவெதுப்பான நீரால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் 40 முதல் 60 நொடிகள் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். கையுறை அதற்கு மாற்றாகாது. தோல் உரிந்தாலோ கொப்புளம் எழுந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.