குடும்பம் பற்றிய ஆய்விலும் வகுப்பிலும் எல்லாக் குடும்பங்களுக்கும் இடம்: கேள்வி பதில்

குடும்பவியல் பாடமும் ஆய்வு முறைகளும் கற்பிப்பவள் என்பதால் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளின் படிப்புதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தாய் தந்தை இருவரும் உள்ள குடும்பங்களோடு ஒப்பிடச் சொல்கிறார் வழிகாட்டி. செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அந்த ஒப்பீடு மட்டுமே ஆய்வாகிவிடக் கூடாது. ஒரு வகைக் குடும்பத்தை அளவுகோலாக நிறுத்திவிட்டு மற்றதை அதன் பக்கத்தில் வைத்தால், கண்ணில் படுவது குறை மட்டும்தான்.

இதற்குப் பழைய உதாரணம் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி அமெரிக்க அரசின் தொழிலாளர் துறையிலிருந்து 1965இல் வந்த மொய்னிஹான் அறிக்கை. வேலையின்மையைப் பற்றியும் அது பேசியது. ஆனாலும் கறுப்பினக் குடும்பங்களின் அமைப்பையே சிக்கலின் மையமாகக் காட்டியது. 1972இல் ராபர்ட் ஹில் என்ற ஆய்வாளர் கேள்வியையே மாற்றினார்: இத்தனை நெருக்கடியிலும் இந்தக் குடும்பங்களைத் தாங்கி நிற்பது எது? வலுவான உறவுப் பிணைப்பு, தேவைக்கேற்ப வீட்டுப் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன், உழைப்பில் பிடிப்பு என்று விடைகள் வந்தன. மக்கள் அதே மக்கள்தான், கேள்வி மட்டுமே வேறு.

உங்கள் ஆய்வில் முதலில் வருமானம், வீடு மாறிய தடவைகள், பெற்றோரின் வேலை நேரம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் வரும் வித்தியாசத்தைக் குடும்ப அமைப்பின் தலையில் கட்டக் கூடாது. துணையை இழந்தவர், பிரிந்தவர், தனியாகவே தத்தெடுத்தவர் எல்லாரையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். அப்புறம், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு யார் துணை நின்றார்கள்? என்னைக் கேட்டால், உங்கள் ஆய்வின் உயிரே அந்த அத்தியாயத்தில்தான் இருக்கும்.

கேள்வி: கேள்வித்தாளில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு வரி இருக்கிறது. நீக்கிவிடலாமா?

நீக்கிவிடுங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1980இல் அதைக் கைவிட்டுவிட்டது. யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள், செலவை முடிவு செய்வது யார், யார் யாரைக் கவனித்துக்கொள்கிறார்கள், வேறு வீட்டில் இருந்தாலும் குடும்பமாக நினைப்பது யாரை என்று பிரித்துக் கேளுங்கள். களத்துக்குப் போகும் முன், வெவ்வேறு விதமான குடும்பங்களைச் சேர்ந்த சிலரிடம் கேள்விகளைக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பல திருத்தங்கள் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மாணவர்களுக்குக் குடும்ப மரம் வரையும் பயிற்சி கொடுப்பது வழக்கம். ஒரு மாணவி செய்ய மறுத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் விலக்கு கொடுக்கவா?

அவளுக்கு மட்டும் கொடுத்தால் வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்க்கும். தத்தெடுக்கப்பட்டவர்கள், இல்லங்களில் வளர்ந்தவர்கள், வீட்டில் வன்முறையைப் பார்த்தவர்கள், சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். அவர்கள் உங்களிடம் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஆகவே பயிற்சியை எல்லாருக்குமே மாற்றுங்கள்: சொந்தக் குடும்பம், கதையில் வரும் குடும்பம், நீங்கள் தரும் கற்பனைக் குடும்பம், இதில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், மதிப்பெண் ஒன்றே. மூன்று தலைமுறை உறவுகளைக் குறித்து, அதில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கும் திறனைத்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? அதற்கு எந்தக் குடும்பமும் போதும்.

இன்னொன்று. ‘உங்கள் சமூகத்தில் இது எப்படி?’ என்று ஒரு மாணவரை எழுப்பிக் கேட்காதீர்கள். அவர் யாருக்கும் பிரதிநிதியாக வகுப்புக்கு வரவில்லை.

கேள்வி: பாடத்திட்டத்தில் பன்முகத்தன்மைக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறோம். போதுமா?

போதாது. ஒரு வாரம் ஒதுக்கினால் மற்ற வாரங்களில் பேசுவது ‘சாதாரண’ குடும்பம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். குடும்பம் என்றால் என்ன என்ற முதல் பாடத்திலேயே தொடங்குங்கள். 250 சமூகங்களை ஆராய்ந்து, தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட தனிக்குடும்பம் எங்கும் உண்டு என்று 1949இல் எழுதினார் அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக். கணவன் மனைவி ஒரே வீட்டில் சேர்ந்து வாழாத பழைய நாயர் குடும்ப முறையை முன்வைத்து, திருமணம் என்பதற்கான விளக்கத்தையே 1959இல் மறுபரிசீலனை செய்தார் இன்னொரு மானிடவியலாளரான கேத்லீன் காஃப். இருவரையும் ஒரே நாளில் படிக்கவைத்தால் வாதம் தானாகக் கிளம்பும். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியதை வேலையும் பாலினமும் பற்றிய வாரத்தில் சேருங்கள். இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் ஒருவர் மேலேயே சேர்ந்து விழும்போது சட்டம் அதைக் காணத் தவறுவதை அவர் விளக்குகிறார்.

கேள்வி: எனக்குச் சம்பந்தமில்லாத சமூகத்தின் குடும்பங்களை நான் ஆராயலாமா?

தாராளமாக. கேள்விகளை உருவாக்கும்போதே அவர்களில் சிலரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த உழைப்புக்கு ஊதியம் கொடுங்கள். முடிவுகளை அச்சுக்கு அனுப்பும் முன் அவர்களிடம் காட்டுங்கள். சிறிய சமூகமாக இருந்தால் பெயரை மறைத்தாலும் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். வயது, தொழில், ஊர் மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து எழுதாதீர்கள்.

கேள்வி: இப்படிப் பேசினால் மரபான குடும்பத்தை மதிக்கும் மாணவர்கள் ஒதுக்கப்பட்டதாக நினைக்கிறார்களே?

அவர்களுக்கும் வகுப்பில் அதே இடம் உண்டு, அதை வாய்விட்டே சொல்லுங்கள். எது நல்ல குடும்பம் என்ற நம்பிக்கை அவரவருடையது. ஆனால் தேர்வில் கேட்பது சான்றை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை. மதிப்பெண் எதற்கு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால், தன் நம்பிக்கைக்காக மதிப்பெண் குறையுமோ என்ற பயம் எந்த மாணவருக்கும் இருக்காது.