கேள்வி பதில்: தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி தங்குங்கள்

போன இதழில் தரங்கம்பாடியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அதுவும் கடலே இல்லாத நம் சேலத்திலிருந்து. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு அந்த ஊரைப் பற்றியே பேசுகிறேன்.

லீவு விட்டால் எங்களுக்கு ஏற்காடு, இல்லாவிட்டால் ஒகேனக்கல். இந்தத் தடவை தரங்கம்பாடி போகலாம் என்றால், "அங்கே ஒரு கோட்டைதானே இருக்கு, அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும்" என்கிறார் வீட்டுக்காரர். எழுபது வயது மாமியாரும் வருகிறார். போகலாமா?
— வாசகி, சூரமங்கலம்

தாராளமாகப் போங்கள். கோட்டையை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினால் அவர் சொல்வதுபோல அரை மணி, முக்கால் மணிதான் ஆகும், அதில் தப்பில்லை. ஆனால் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன ஊர் முழுவதையும்தான், அதுவும் நடந்தே பார்த்துவிடலாம்.

ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரில் போனால் ஐந்து, ஐந்தரை மணி நேரம். காலையில் கிளம்பி மத்தியானம் போய் இறங்காதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் பகல் 12 மணிக்குப் போய் நின்றேன், கோட்டைக்கு முன்னால் இருக்கும் பெரிய திடலில் ஒதுங்க ஒரு மரநிழல் கிடைக்காமல், பிள்ளைகள் முகம் சிவந்து, பத்தே நிமிடத்தில் "போலாம்பா" என்று கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் சாயந்திரம் போய்ச் சேர்ந்து, மறுநாள் விடிந்ததும் நடக்க ஆரம்பியுங்கள். தரங்கம்பாடியில் தங்கும் இடங்கள் கொஞ்சம்தான். பக்கத்திலேயே திருக்கடையூர் இருக்கிறது, அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஊர் ஊராக ஜனங்கள் வந்து போகும் தலம் என்பதால் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. மாமியாருக்கு அபிராமி தரிசனமும் ஆகிவிடும்.

காலையில் ஊர் வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள், காரை உள்ளே ஓட்டிப் போக வேண்டாம். வெள்ளை அடித்த அந்த வாசலை 1792-ல் கட்டினார்கள். அதே 1792-ல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கையிலிருந்து நம் சேலமும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலும் கும்பெனிக்காரர்களுக்குப் போனது. இங்கே நாம் இங்கிலீஷ்காரனிடம் போய்ச் சேர்ந்த வருஷம், அங்கே தரங்கம்பாடியை வைத்திருந்த டென்மார்க்காரன் தன் ஊருக்குப் புது வாசல் வைத்துக்கொண்டிருக்கிறான். இதை அந்த வாசலுக்கு அடியில் நின்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வருஷம் மனதில் நிற்கும்.

உள்ளே போனால் நேராகக் கடலைப் பார்த்து ஒரு தெரு. அதிலேயே 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ல் கட்டிய புது எருசலேம் தேவாலயம், பழைய பங்களாக்கள் எல்லாம் வந்துவிடும். தெரு முடிகிற இடத்தில் திடல், அதற்கு அப்பால் கோட்டை, கோட்டைக்குப் பின்னால் கடல். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, ஓவே யெட்டே என்கிற டேனிஷ் தளபதி 1620-ல் இந்த டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார். மிளகு வாங்க வந்தவர்கள். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கு, மது வைக்கிற அறை, சிறை. மேலே கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்த அறைகள். கீழ்த்தள அறை ஒன்றில் நுழைந்து சுவரின் தடிமனைக் கையால் அளந்து பாருங்கள், என் இரண்டு கையையும் விரித்தும் எட்டவில்லை. வெளியே கடல் இரைந்துகொண்டிருக்க, உள்ளே நம் பேச்சு நமக்கே திரும்பி வருகிறது.

மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி இருந்தால் வற்புறுத்தாதீர்கள், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும். நான் என் அம்மாவை அப்படித்தான் உட்கார வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தார், சுனாமி அன்றைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தப் பாட்டி கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் எனக்கு அது கிடைக்கவில்லை.

ஒன்றே ஒன்று, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் மழை பிடித்தால் விடாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கிறோம். "முதல் தமிழ்ப் புத்தகம் அச்சான இடம்" என்று சொல்லி அழைத்துப் போகலாமா?
— ஆசிரியை, அஸ்தம்பட்டி

அழைத்துப் போங்கள், அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் அச்சான புத்தகம் அதற்கு வெகுகாலம் முன்பே, 1578-ல் கொல்லத்தில் வந்துவிட்டது. அதன் பெயர் தம்பிரான் வணக்கம். தரங்கம்பாடியில் நடந்தது வேறு. நின்றுபோயிருந்த தமிழ் அச்சு வேலையை அங்கே மறுபடி பிடித்து, வருஷக்கணக்காகத் தொடர்ந்து நடத்தினார்கள்.

1706 ஜூலையில் கப்பலிலிருந்து இறங்கினார் சீகன்பால்க் என்கிற ஜெர்மன் பாதிரியார். 24 வயசு. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பேன். கோட்டையில் டேனிஷ் கவர்னரோடு மோதல் வந்து, அதே டான்ஸ்போர்க்கில் நாலு மாதம் சிறையிலும் இருந்தார். அப்புறம் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதமோ கப்பலில் வந்தால்தான் உண்டு, அந்த எழுத்தில் அடித்தால் இருக்கிற காகிதம் போதாது. அதனால் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாறில் ஒரு ஆலையே போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிள்ளைகளை ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லுங்கள். கடற்கரை மணலில் அவரவர் பெயரை விரலால் ஒரு தடவை எழுதட்டும், அப்புறம் நோட்டில் பாதி அளவில் எழுதட்டும். "ணை", "னை" என்று எழுதும்போது எழுத்தைச் சின்னதாக வார்ப்பது எத்தனை கஷ்டம் என்று அவர்களுக்கே புரியும். சீகன்பால்க் 1719-ல் 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புது எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அவருடைய கல்லறை இருக்கிறது. உள்ளே வழிபாடு நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை வெளியே நிற்கச் சொல்லுங்கள், அது இன்றைக்கும் ஜனங்கள் கும்பிடுகிற கோயில்.

வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டக் கட்டிய கட்டடத்தைப் போய் வாய் பிளந்து பார்க்க வேண்டுமா? நாங்கள் இங்கே எஸ்டேட்டில் தினமும் பார்க்கிறோம்.
— வாசகர், ஏற்காடு

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, என் தாத்தாவும் எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர்தான். ஆனால் பார்க்காமல் விட்டால் அவர்கள் செய்ததும் மறந்துபோகும். அந்தக் கோட்டையிலிருந்து துணி போனது, மிளகு போனது, பஞ்சக் காலங்களில் மனிதர்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கடைசியில் 1845-ல் ஊரையே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றார்கள், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அங்கே குடியிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

அப்புறம், கோட்டைக்கு வடக்கே கடலோரமாகவே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, டேனிஷ்காரன் வருவதற்கு 300 வருஷத்துக்கும் முந்தியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலையும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு அரித்துப்போன பழைய கற்களைத் தொட்டுப் பாருங்கள், சோப்புத் துண்டு மாதிரி முனை மழுங்கியிருக்கும். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோயில் வரைக்கும் நடப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். உங்களுக்குக் கோட்டை வேண்டாம் என்றால் சரி, கோயிலுக்காகப் போய் வாருங்கள்.

நம் சேலத்துக்கும் இந்த மாதிரித் துறைமுக ஊர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— கல்லூரி மாணவர், இளம்பிள்ளை

உங்கள் ஊருக்கு எதிரே நிற்கிறதே கஞ்சமலை, அதுதான் சம்பந்தம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று கும்பெனி உத்தியோகத்தில் இருந்த ஒருவர், நம் ஜில்லாவின் இரும்புக் கல்லைப் பார்த்து ஆசைப்பட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை போட்டார். கல் நம் பக்கத்துக் கல், துறைமுகம் அவர்கள் ஊர்த் துறைமுகம். உருக்குவதற்கு நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். அதற்காகச் சுற்றுவட்டாரக் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள், காடு குறையக் குறையக் கரியின் விலை ஏறியது, கம்பெனி தள்ளாடி முப்பது நாற்பது வருஷத்தில் மூடிவிட்டது. அங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்து வரைக்கும் கப்பலேறியது.

சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை அரை மணி நேரம்தான், தரங்கம்பாடி போகிற வழியில் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கினால் போதும். 1781-ல் ஹைதர் அலியும் அயர் கூட் என்கிற கும்பெனித் தளபதியும் மோதியதும் அங்கேதான். பெரிய கட்டடத்தை எதிர்பார்க்காதீர்கள், வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கிளம்புவதற்கு முன் கஞ்சமலை அடிவாரத்தில் கறுத்த கல் ஒன்றை எடுத்துக் கையில் கனம் பார்த்துவிட்டுப் போங்கள். சாதாரணக் கல்லைவிடக் கனமாக இருக்கும், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டும்.

கார் இல்லை. பஸ், ரயிலில் போக முடியுமா?
— வாசகர், அம்மாபேட்டை

முடியும். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறைக்கு நேரடி ரயில் இருக்கிறது. நேரத்தை மட்டும் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறையில் இறங்கினால் தரங்கம்பாடிக்கு பஸ், ஒரு மணி நேரம். ராத்திரி மயிலாடுதுறையிலேயே தங்கிவிட்டு விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் வாசலிலிருந்து கோட்டை வரை நடந்துவிடலாம். தண்ணீர் பாட்டிலும் குடையும் கையோடு இருக்கட்டும். நம் ஊர் தட்டுவடையும் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் திடல் பக்கம் காலை நேரத்தில் கடைகள் குறைவு.