வனப் பாலர்பள்ளி என்றால் என்ன? காட்டில் குழந்தை எதைப் படிக்கும்?

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் பள்ளி நேரத்தின் பெரும்பகுதியை மரங்களுக்கிடையே கழிக்கும் முறைதான் வனப் பாலர்பள்ளி. 1950களில் டென்மார்க்கில் தொடங்கியது. ஜெர்மனியில் 1993இல் ஃபிளென்ஸ்பர்க் நகரில் அரசு அங்கீகாரத்துடன் ஒன்று திறக்கப்பட்டது. மழை பெய்தாலும் வெளியேதான். அதற்கேற்ற உடை உண்டு.

ஏன் வெளியே? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் நமக்கு ஒரு காட்சி போதும். மழை விட்ட காலையில் ஒரு சிறுமி கல்லைப் புரட்டுகிறாள். அடியில் கரிய மரவட்டை, நம் ஊரில் எல்லோரும் சொல்லும் சொங்கலோலோ. தொட்டதும் சுருண்டுகொள்கிறது. அது மறுபடி விரியும்வரை மூச்சடக்கிக் காத்திருக்கிறாள். ‘பொறுமையாக இரு’ என்று எத்தனை முறை சொன்னாலும் வராத பொறுமை அது! பிறகு கால்களை எண்ண முயன்று தோற்கிறாள். கணக்கும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேடுபள்ளத் தரையில் நடப்பதால் உடல் சமநிலை கூடுகிறது. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் இருப்பது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைவதை நினைத்துப் பாருங்கள். விளையாட்டுக் களிமண்ணை எப்படித் தட்டினாலும் சரிதான். உண்மையான மாவில் தண்ணீர் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் விரிசல் விடும். காடும் அந்த உண்மையான மாவைப் போலத்தான், குழந்தை செய்வதற்கெல்லாம் பதில் சொல்கிறது.

பலர் நினைப்பதுபோல் இது பிள்ளைகளைக் காட்டில் அவிழ்த்துவிடுவது அல்ல: பாம்பு, உண்ணி, முறிந்த கிளை இருக்கிறதா என்று ஆசிரியர்கள் முன்பே இடத்தைப் பார்த்துவிட்டு, எல்லை குறித்து, கூடவே இருப்பார்கள்.